நட்ட கன்றுகளில் தப்பியவை எத்தனை?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 ஆம் திகதி நமது கரையோர ஊர்களில் சுனாமியில் உயிரிழந்தோருக்காகத் துஆ செய்கிறோம். அதே நாட்களில் களப்போரங்களில் கண்டல் கன்றுகளும் நடப்படுகின்றன. அந்தக் கன்றுகளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எனது கேள்வி.

2004 சுனாமி நம் நாட்டில் 30,000 க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. மிக அதிகமாக இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனையில் குடும்பம் குடும்பமாக ஜனாஸாக்களை அடக்கம் செய்த நாட்களை எவரும் மறக்கவில்லை. அடர்ந்த கண்டல் காடுகள் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்ற பேச்சு அப்போதுதான் பரவலாக எழுந்தது. நிதி வந்தது, நடுகை தொடங்கியது.

எங்கள் ஊர்க் களப்பிலும் ஒரு தொண்டு நிறுவனம் கன்றுகளை நட்டது. பதாகை கட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது காய்ந்த குச்சிகளே நின்றன.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. ருஹுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று 2017 இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டின் 23 நடுகை இடங்களைப் பரிசீலித்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் சுமார் 200 ஹெக்டேயரே வெற்றி கண்டது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் தப்பியது 3 இடங்களில் மட்டுமே.

காரணங்கள் எளியவை. கண்டலுக்கு நீர் ஏறவும் வேண்டும், வடியவும் வேண்டும். எப்போதும் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றிலோ, நீரே எட்டாத மேட்டிலோ நட்டால் கன்று சாகும். நீண்ட காயைப் பொறுக்கிச் சேற்றில் குத்துவது இலகு என்பதால் பெரும்பாலான இடங்களில் ஒரே இனத்தை நட்டார்கள். பிறகு மாடுகள் மிதித்தன, பார்க்க ஆளிருக்கவில்லை.

வேறு வழி இருக்கிறது. புத்தளம் மாவட்டத்தின் ஆனைவிழுந்தானில், கைவிடப்பட்ட இறால் பண்ணை நிலத்தில் நீரோட்டத்தைச் சீர்செய்து, கண்டல் தானாக முளைக்க வழிவிடும் முயற்சி நடந்திருக்கிறது. நீர் வந்து போனால் விதை தானாக வரும்.

நமது பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். நமது ஊர்களில் காணி நெருக்கடி உண்மையானது. சுனாமிக்குப் பின் கிழக்கில் அறிவிக்கப்பட்ட 200 மீற்றர் தடை வலயம் அதை இன்னும் கூட்டியது. ஆனாலும் களப்போரத்தை மண் போட்டு நிரப்பி வளவாக்குபவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஒருபுறம் நின்ற காட்டை அழித்துக்கொண்டு மறுபுறம் கன்று நடுவதில் பயனில்லை. காணிப் பிரச்சினைக்கான தீர்வை அரசிடம்தான் கேட்க வேண்டும், களப்பிடம் அல்ல.

ஆகவே பிரதேச செயலகங்களும் நிறுவனங்களும் எத்தனை நட்டோம் என்பதோடு, மூன்று வருடங்களின் பின் எத்தனை தப்பின என்பதையும் பகிரங்கப்படுத்தட்டும். பராமரிப்புக்கான நிதி மீனவர் சங்கங்களிடம் கொடுக்கப்படட்டும். எஞ்சியுள்ள காட்டைக் காப்பதற்கு நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்வரட்டும்.

அடுத்த டிசம்பரில் கன்று நட உங்களை அழைத்தால், போன வருடம் நட்ட இடத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.