காயலைக் கடக்கும் கட்டணம்



படகு என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவில் எழுவது உல்லாசப் பயணமே. குமரிமுனைக்குச் செல்வோர் விவேகானந்தர் பாறைக்குப் படகேறித் திரும்புவதோடு அதற்கும் நமக்குமுள்ள தொடர்பு முடிந்துவிடுகின்றது. ஆனால் வேலைக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நாம் பேருந்தில் ஏறுவதுபோலவே அன்றாடம் படகில் ஏறிச் செல்லும் மக்கள், மேற்கு மலைகளுக்கு அப்பால் கொச்சி மாநகரில் வாழ்கின்றனர்.

வேம்பநாட்டுக் காயல் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது அந்நகர். கிழக்கே எர்ணாகுளம்; மேற்கே ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும்; வடமேற்கே நீண்டு கிடக்கும் வைப்பின்; இடையிடையே வல்லார்பாடம், முளவுகாடு போன்ற தீவுகள். நம் மக்கள் திருப்பயணமாகச் செல்லும் வல்லார்பாடம் அன்னையின் திருத்தலத்தை அறியாதார் நம்முள் சிலரே. 1752 ஆம் ஆண்டில் காயலில் படகு கவிழ்ந்து மூழ்கிய மீனாட்சியம்மா என்ற தாயும் அவர்தம் மகனும் அன்னையின் அருளால் மீட்கப்பட்டனர் என்பது அத்தலத்தின் மரபு. படகை நம்பி வாழ்ந்த மக்களின் பக்தியில் படகைப் பற்றிய அச்சமும் கலந்திருந்ததில் வியப்பில்லை.

அவ்வச்சம் பழங்கதையுமன்று. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 1968 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, குறைந்த கட்டணத்தில் எளிய மக்களை ஏற்றி வந்துள்ளது. அத்தொண்டைக் குறைத்து மதிப்பிட நாம் துணியோம். ஆயினும் 2002 ஜூலை 27 ஆம் நாள், அதே காயலின் தென்பகுதியில், முஹம்மாவிலிருந்து குமரகத்திற்குச் சென்ற அரசுப் படகொன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்த நிலையில் மூழ்கியது. 29 பேர் மாண்டனர். அரசுப் பணிக்கான தேர்வெழுதப் புறப்பட்ட இளைஞர் பலர் அப்படகில் இருந்தனர். பின்னர் 2015 ஆகஸ்டு 26 அன்று, வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் படகின்மீது மீன்பிடி விசைப்படகொன்று மோதியதில் 11 பேர் உயிரிழந்தனர்.

இடையில், 2004 ஆம் ஆண்டில், கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு வைப்பின் மக்கள் பேருந்திலேயே நகரை அடைய வழி பிறந்தது. இனிப் படகு எதற்கு என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். பாலம் வந்தது, அதன்மேல் நெரிசலும் வந்தது! போதாக்குறைக்கு, வைப்பினிலிருந்து வந்த தனியார் பேருந்துகள் நகருக்குள் செல்ல நெடுங்காலம் உரிமை இல்லாமையால், மக்கள் உயர்நீதிமன்றச் சந்திப்பில் இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய சூழலில்தான் 2023 ஏப்ரல் 25 ஆம் நாள் ‘வாட்டர் மெட்ரோ’ தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1,137 கோடி ரூபாய்த் திட்டம். ஜெர்மன் நாட்டு வளர்ச்சி வங்கியின் கடனுதவியும் அதில் அடங்கும். 10 தீவுகளை இணைத்து 38 துறைகளும் 78 படகுகளும் அமைப்பதென்பது நோக்கம். கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான பெரிய படகுகள் 100 பேரைச் சுமக்கும், மின்கலங்களால் இயங்குவன, துறையில் நிற்கும் 10, 15 நிமிடங்களிலேயே மின்னேற்றம் பெறுவன. தொடக்கத்தில் இரண்டே வழிகள் இருந்தன. 2024 இல் ஃபோர்ட் கொச்சியும் சேர்ந்தது.

2023 ஆம் ஆண்டின் இறுதியில் எர்ணாகுளம் சென்றிருந்த நாம், உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கு அப்படகில் பயணம் செய்தோம். நம்முடன் ஊன்றுகோல் பிடித்து நடக்கும் முதிய அருட்சகோதரி ஒருவரும் வந்திருந்தார். இளமையில் அங்கே பணியாற்றியவர். பழைய துறைகளில் நீர் வற்றும் வேளையில் படகு தாழ்ந்து நிற்கும். கல்படியிலிருந்து அதனுள் இறங்குவது எத்துணை இடர்ப்பாடு என்பதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இங்கோ ஏறுமிடமே ஒரு மிதவை. நீர் ஏறினால் அதுவும் ஏறும். வற்றினால் அதுவும் தாழும். ஆதலின் மேடையும் படகின் தளமும் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியும் தடையின்றிச் செல்லலாம். அருட்சகோதரி எவர் கையையும் பற்றாமல் உள்ளே நடந்து சென்று அமர்ந்தார். பேட்டரியையும் குளிர்சாதனத்தையும் பற்றி அனைவரும் புகழ்ந்துகொண்டிருக்க, நமக்கு இம்மிதவையே பெரிதாகத் தோன்றிற்று. ஏறுவோரை எண்ணி, அளவு நிறைந்ததும் வாயிலை அடைக்கும் முறையை அதற்கு அடுத்ததாகச் சொல்வோம். குமரகத்தில் மாண்டவர்களை எண்ணுகையில் இதன் அருமை விளங்கும்.

வைப்பினில் இறங்கிச் சற்று நடந்து, அரசுப் படகு வந்து நிற்கும் பழைய துறைக்குச் சென்றோம். எர்ணாகுளத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மையார் ஒருவர் அங்கே காத்திருந்தார். புதிய படகில் செல்லலாகாதா என்று வினவினோம். “அச்சோ” என்றார் அவர். (அங்கே குருக்களை அவ்வாறே அழைப்பர்.) “இதற்கு 6 ரூபாய், அதற்கு 20 ரூபாய். உங்களுக்கு அது ஒரு நாள் செலவு. எனக்கு மாதம் முழுவதும் அல்லவா?”

மாதச் சீட்டு உண்டே என்றோம். 600 ரூபாய்க்கு 50 பயணங்கள் என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தனர். கணக்கிட்டால் பயணம் ஒன்றுக்கு 12 ரூபாய்தான். அவரும் அக்கணக்கை அறிந்தே இருந்தார். மாதத்தின் முதல் நாளில் 600 ரூபாயை மொத்தமாக எடுத்துவைக்கும் வீடு தம்முடையதன்று என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. பாலமும் நெரிசலும் தீர்க்காததை இப்படகு தீர்க்கும் என்று நாம் உறுதியாகவே நம்புகின்றோம். ஆனால் ஏழையின் 6 ரூபாய்ப் படகைப் பழையது என்று சொல்லி நிறுத்திவிடும் நாள் ஒன்று வருமாயின், அந்த அம்மையார் எதில் ஏறுவார்? மிதவை மேடையை அவருடைய துறையிலும் அமைக்கலாகாதா? மாதச் சீட்டை வாரம்தோறும் தவணையாகக் கொடுத்தால் என்ன?

திரும்புகையில் நாமும் அப்பழைய படகிலேயே ஏறினோம். அருட்சகோதரியை இருவர் கைபிடித்து இறக்கிவிட, ஊன்றுகோலை அந்த அம்மையார் வாங்கி வைத்துக்கொண்டார்.