கதை எழுதிய பிறகா ஓவியர்?

நம் ஊரில் சித்திரக்கதை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. எழுத்தாளர் கதையை முழுசாக எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு ஓவியரைக் கூப்பிட்டு, “32 பக்கத்துக்குள் முடித்துக் கொடுங்கள்” என்பார்கள். அச்சாகி வரும் புத்தகத்தில் படங்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் கதை புரியும். அப்படியானால் படம் எதற்கு?

சித்திரக்கதையின் கதை, பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போதுதான் பிறக்கிறது. ‘கதவைத் திறந்தான், உள்ளே பிணம்’ என்பது எழுத்தாளருக்கு ஒரே வரி. வரைகிறவர் யோசிக்க வேண்டியவை நிறைய. தாழ்ப்பாளில் கை மட்டும் போதுமா, முகமும் வேண்டுமா? பிணத்தை வலப்பக்கத்தின் நடுவில் வரைந்தால், தாளைப் புரட்டியதுமே அது கண்ணில் பட்டுவிடும், பதற்றம் போச்சு. கை தாழ்ப்பாளைத் தொடுவது வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்க வேண்டும். புரட்டியவுடன் இடப்பக்கத்தின் முதல் கட்டத்தில் பிணம். இதைச் சரியாகக் கொண்டுவர, முந்தைய பக்கங்களில் ஒரு கட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ நேரும். எழுத்தாளர் ஆசையாக எழுதிய வசனம்கூடப் பறிபோகலாம். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

வசன பலூனும் அப்படித்தான். முதலில் பேசுகிறவர் இடப்புறம் நின்றால்தான் படிக்கும் வரிசை குழம்பாது. தமிழ்ச் சொற்களோ நீளமானவை; ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ ஒன்றே பலூனை அடைத்துவிடும். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தமிழில் கொண்டுவந்தபோது, வேற்றுமொழிக்காக வரைந்த பக்கங்களில் தமிழை அடக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேறு வழியில்லை. சொந்தமாக வரைகிற நாமும் படத்தை முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் வசனத்தைச் செருகுவது என்ன நியாயம்?

அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1960களில் கதையின் போக்கைப் பேசிக்கொள்வார்கள். கிர்பி பக்கங்களை வரைந்து தந்த பிறகு லீ வசனம் எழுதுவார். கதை யாருடையது என்ற சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை. எழுத்தாளர் ஆலன் மூர் இந்த முறைக்கு நேர் எதிர்: ஒரே கட்டத்துக்குப் பத்தி பத்தியாக விவரம் எழுதித் தந்தவர். அவரே ‘வாட்ச்மென்’னில் (1986–87) பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற அமைப்பை ஓவியர் டேவ் கிப்பன்ஸ் சொல்லித்தான் ஏற்றுக்கொண்டார். அந்தக் கதையின் தாளகதியே அந்த ஒன்பது கட்டங்கள்தாம்.

ஜப்பானிய மங்கா இதழ்களின் வழக்கம் நமக்குத் தோதானது. கட்டங்கள், கிறுக்கலான உருவங்கள், முழு வசனம் எல்லாம் கொண்ட பென்சில் வரைவை முதலில் ஆசிரியரிடம் காட்டுவார்கள். ‘நேம்’ என்று அதற்குப் பெயர். அடிப்பதும் திருத்துவதும் அதில்தான். ஒப்புதல் கிடைத்த பிறகே மை.

நம் ஓவியர்களுக்கும் இப்படிப் பென்சில் வரைவு, அதாவது ரஃப், போடத் தெரியும். ஆனால் முடித்த பக்கத்துக்குத்தான் கூலி, ரஃப்புக்குக் காசில்லை. அதனால் நேரே மையில் இறங்குகிறார்கள். பதிப்பாளர்கள் ரஃப்புக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கட்டும். எழுத்தாளரையும் ஓவியரையும் அதற்காக ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

(கட்டுரையாளர், சித்திரக்கதை ஓவியர்)