அய்யனாருக்கு எதற்கு இத்தனை அவசரம்?

எங்கள் குலதெய்வம் அய்யனார். புதுக்கோட்டைப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறார். சாமி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, காடுதான் பின்வாங்கிக்கொண்டே போகிறது. திருப்பணிக் கமிட்டி என்று ஒன்று வந்தாலும் வந்தது, பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு படம் விழுகிறது. இன்றைக்குத் தளம் போட்டாச்சு, இன்றைக்கு டைல்ஸ் ஒட்டியாச்சு, இன்றைக்கு ஆர்ச்சுக்குக் கம்பி கட்டியாச்சு. ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

கோயிலுக்கு வசதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் பொங்கல் வைக்கிற பெண்களுக்கு ஒரு கொட்டகை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், ஒரு கழிப்பறை வேண்டும். அவற்றை மட்டும் கமிட்டி இன்னும் தொடவில்லை.

என் வயிற்றெரிச்சல் குதிரைகளைப் பற்றியது.

அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற புரவியெடுப்பு ஒரு நாளில் முடிகிற விழா இல்லை. ஊர் கூடிப் பேசி, குதிரை செய்கிற வேளாரிடம் பிடிமண் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கும். கொடுத்துவிட்டால் பிறகு வேளாரை யாரும் விரட்ட முடியாது, மண் விரட்டலுக்கு மசியாது. வற்றிய கண்மாயில் வெட்டிய களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதமாக்க வேண்டும். முதலில் நாலு கால், உள்ளே கூடாக, உருளை உருளையாக. அவை காய்ந்து இறுகி, மேலே வரும் பாரத்தைத் தாங்கும் என்று ஆன பிறகுதான் வயிறு. அது இறுகினால் கழுத்து, அதற்கப்புறம் தலை. நடுவில் ஒரு மழை பெய்தால் எல்லாம் தள்ளிப்போகும். சுட்டு எடுத்து, வர்ணம் பூசி, கண் திறந்து, வேளார் தெருவிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். அத்தனை நாளும் ஊர் காத்திருக்கும். பக்தி என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் காத்திருப்புதான் என்று எனக்கு ஓர் எண்ணம். மழை கேட்டுப் புரவி எடுக்கிறவர்களுக்குக் காத்திருப்பதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

கொண்டுவந்து வைத்த குதிரையை அப்புறம் யாரும் பராமரிப்பதில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரு காது போகும், ஒரு கால் போகும், வயிற்றுக்குள் ஓணான் குடியேறும். அடுத்த புரவியெடுப்பில் புதுசு பக்கத்தில் வந்து நிற்கும். பழசை அப்புறப்படுத்த மாட்டார்கள். எங்கள் கோயில் பாதையின் இரண்டு பக்கமும் அப்பா காலத்துக் குதிரை, தாத்தா காலத்துக் குதிரை என்று வரிசையாக நிற்கின்றன. அதற்கும் முந்தியவற்றுக்கு முகம் இல்லை, வெறும் ஓட்டுச் சில்லுகள். அந்தச் சில்லுக் குவியலைத் தாண்டும்போதும் அப்பா கையெடுத்துக் கும்பிடுவார்.

இப்போது இரண்டு சிமெண்ட் குதிரைகள். எங்கேயோ அச்சில் வார்த்து, மினி லாரியில் வந்து இறங்கின. எனாமல் பெயிண்ட், ரோஜா நிற மூக்கு. “இனி அம்பது வருசத்துக்குக் கவலையில்லப்பா” என்றார் கமிட்டியில் இருக்கிற சித்தப்பா. அப்படியென்றால் ஐம்பது வருஷத்துக்குப் புரவியெடுப்பும் இல்லையே சித்தப்பா, என்றேன். “அதான் செலவு மிச்சம்ல?” என்றார். இதற்கு மேல் என்ன பேச?

குளமங்கலத்துக் குதிரை மட்டும் மண்ணா என்று ஒரு பங்காளி மடக்கினார். கீரமங்கலம் பக்கத்தில், 30 அடிக்கு மேல் உயரமாக நிற்கிற அந்தக் குதிரை சுதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாசிமகத்துக்கு அதன் மேல் விழுகிற காகிதப்பூ மாலைகளில் குதிரையே மறைந்துபோகும். அத்தனை மாலையையும் யாரோ உட்கார்ந்து கட்டுகிறார்கள், யாரோ நேர்ந்துகொண்டு தூக்கி வருகிறார்கள். எங்கள் சிமெண்ட் குதிரைக்காக யாரும் ஒரு பொழுது உட்காரவில்லை. கிரில் கதவுக்குள் நிற்கிறது. ராத்திரி குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காக்கிற சாமியைப் பூட்டிவைத்து, அவரைக் காவல் காக்க சிசிடிவி கேமராவும் மாட்டியிருக்கிறார்கள்.

வேளாரிடம் கேட்டால் கோபம்கூடப் படவில்லை. எங்கள் ஊரில் குதிரை செய்கிற கையும் பூசை வைக்கிற கையும் ஒன்றுதான். “மகன் திருப்பூருக்குப் போயிட்டான். நான் ஒத்த ஆளு எங்கிட்டு மண்ணு மிதிக்கிறது?” என்றார். கண்மாய் மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று 2024இல் அரசு எளிதாக்கியது. நல்ல காரியம்தான். பிடிமண் கொடுக்கவே ஊருக்கு மனசில்லாதபோது அந்த மண்ணை எடுத்து அவர் என்ன செய்வார்?

டெல்லி கைவினை அருங்காட்சியகத்து முற்றத்தில் அய்யனாரின் மண்குதிரைகள் நிற்கின்றன. அவற்றின் முன்னால் குடும்பத்தோடு நின்று படமெடுத்து “நம்ம மண்ணின் பெருமை” என்று குழுவில் போட்டவர், எங்கள் கமிட்டியின் பொருளாளர்.

ஊரில் இருக்கிறவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பணம் போவது சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்தான். அங்கே இருக்கிறவர்கள் நிம்மதியைத் தேடி வருகிறார்கள், ஆனால் மதியத்துக்குள் நிம்மதி கிடைத்தாக வேண்டும், டோல்கேட்டில் கூட்டம் சேர்ந்துவிடும். அய்யனார் சைவம். கருப்பருக்குக் கிடா வெட்டும்போது அவர் சன்னதிக்குத் திரை போடுவார்கள். அந்தத் திரை விலகும் வரை நிற்க என் தம்பிக்குப் பொறுமை இல்லை. “பூசாரி, நம்ம தட்ட மட்டும் முன்னாடி பாத்துவிட்ருங்களேன்” என்கிறான். அப்புறம் சிமெண்ட் குதிரைக்குப் பக்கத்தில் நின்று ரீல்ஸ். வாழ்க்கையை மெதுவாக வாழ வேண்டும் என்று அதற்குக் கீழே ஒரு வரி.

வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமே, அதற்குத்தான் காட்டில் கை வைத்தார்கள். வீரையும் உலக்கைப்பாலையும் நின்ற காடு. சுள்ளி ஒடித்தால் சாமி குத்தம் என்று ஊரே பயந்து காத்த மரங்கள். தானாக விழுந்த கிளையைக்கூடக் கோயில் பொங்கலுக்குத்தான் எரிப்பார்கள். எந்த வனச்சட்டமும் வராமலேயே நின்ற காட்டை ஒரு ஜேசிபி அரைநாளில் வழித்துப்போட்டது. குத்தம் பார்க்கிற சாமிக்குக் கும்பாபிஷேகம் பண்ணிச் சமாதானம் செய்துவிடலாம் என்று கணக்கு போலிருக்கிறது.

இப்போது கடைசியாக வந்திருக்கிற அறிவிப்பு: பாதையோரத்துப் பழைய குதிரைகள் “பார்க்க நல்லா இல்லை”, பேவர் பிளாக் பதிக்க இடைஞ்சல், அள்ளிக் கண்மாயில் கொட்டப்போகிறார்களாம். அவற்றைத் தொடாமல் விட்டால் தலைக்கட்டு வரியைப் போல் இரண்டு மடங்கு தருகிறேன், வேளாருக்கு ஒரு பிடிமண்ணும் கொடுப்போம் என்று குழுவில் எழுதினேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அதில் ஒருவர் சித்தப்பா. அவர் பேவர் பிளாக்குக்கும் கட்டைவிரல்தான் காட்டியிருந்தார்.