தொகுப்புக்கு ஒரு முகவுரை

ஓராண்டில் எழுதிய வியாசங்களைத் தொகுத்து, முகவுரையுடன் உபாத்தியாயரிடம் ஒப்புவிக்கும் மாணாக்கர் பலர், நல்லவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்தெறிகின்றனர். முகவுரையிலோ நன்றி கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். நஷ்டம் அவர்களுக்கே.

பொதட்டூர்பேட்டை மாணாக்கருக்கு உதாரணம் அருகிலேயே உண்டு. திருத்தணியில் 1888-ல் பிறந்த ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலையில் எம்.ஏ. பட்டத்துக்கென வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய வியாசம் 1908-ல் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது சுமார் 20. 1937-ல் வெளியான சுயசரிதைக் கட்டுரையில் அந்நாட்களைத் திரும்பிப் பார்த்தவர், கிறிஸ்துவ விமரிசகர்களின் கண்டனமே தம்மை ஹிந்து தத்துவ ஆராய்ச்சியில் புகச் செய்தது என்றார். அவர் கற்றதை வியாசம் காட்டுகிறது. ஏன் கற்றார் என்பதைக் கட்டுரை காட்டுகிறது.

முகவுரையின் வேலையும் அதுவே. எந்த வினா எழுதத் தூண்டியது, முதற் பிரதியில் எதை அடித்தோம், ஏன் அடித்தோம், இன்னும் விளங்காதது யாது என்பவற்றை ஒளியாமல் உரைத்தல் வேண்டும். அடித்தல் திருத்தல் நிறைந்த பிரதி ஒன்றையேனும் தொகுப்பில் சேர்த்தல் நன்று. வளர்ச்சிக்கு அதுவே சாக்ஷி. துணியின் மறுபுறத்தைத் திருப்பிப் பார்த்துத் தரமறியும் நெசவாளர் ஊரில் இதை விரித்துரைக்கவும் வேண்டுமோ?