சாரலுக்குப் போகிறவர்கள்

ஆனி பிறந்து மேல்காற்று எழுந்துவிட்டால், சங்கரன்கோவிலில் பஸ் நிலையத்திலாயினும் தேநீர்க்கடையிலாயினும் இருவர் சந்தித்துக்கொள்ளும்போது, குடும்ப க்ஷேமத்தை விசாரிப்பதற்கு முன்பாகவே ஒருவர் மற்றவரிடம், “குத்தாலத்துல தண்ணி விழுதா?” என்று கேட்டுவிடுகிறார். விழுகிறது என்று பதில் வந்தால் அன்று மாலைக்குள் வேன் ஏற்பாடாகிவிடும். விழவில்லை என்றால், “இந்த வருஷம் சீசன் டல்லு” என்ற தீர்ப்போடு பேச்சு முடிந்துபோகும். பத்திரிகைகளும் இதையே பின்பற்றி, ஐந்தருவியில் ஐந்து கிளைகளிலும் தண்ணீர் கொட்டுகிறதா, நாலில் மாத்திரம் கொட்டுகிறதா என்று தினந்தோறும் கணக்குக் கொடுக்கின்றன. இந்தக் கேள்வியிலும் இந்தக் கணக்கிலும் எனக்கு நெடுநாளாகவே ஓர் அதிருப்தி உண்டு. அருவி என்பது சாரலால் விளைகிற பல நன்மைகளுள் ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு சாரலையே மறந்துவிட்டோம் என்பது என் அபிப்பிராயம்.

மழையைப் பற்றிப் பேசச் சங்கரன்கோவில்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். மழையில்லாத ஊர்க்காரன் என்பதே அந்த யோக்கியதை. எங்கள் தாலுகா மழைமறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துகொண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையேறி, மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, சிகரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது மீண்டும் சூடேறி வறண்டுபோகிறது என்பது பள்ளிக்கூடப் பூகோளம். நாங்கள் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கரிசல் காட்டின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால், மேகங்கள் திரள்திரளாக மேற்கிலிருந்து வந்து, எங்கள் தலைக்கு மேலே ஒரு துளியும் சிந்தாமல் கிழக்கே போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். காற்று மாத்திரமே எங்கள் பங்கு. அது புழுதியை வாரி இறைக்கும். பனவடலிசத்திரம் பக்கத்துக் காற்றாடிகளைச் சுழற்றி ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும். ஈரத்தை மட்டும் தராது. எங்களுக்குரிய மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வர வேண்டும். அதுவும் வராத வருஷங்கள் உண்டு.

ஆனால் இந்த நெடிய மலைச்சுவரில், செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கொல்லத்துக் கடற்கரையிலிருந்து அந்த வாசல் வழியாகச் செங்கோட்டைக்கு வரும் ரயில் பாதை 100 கிலோமீட்டருக்கும் குறைவு. 1904-இல் திறக்கப்பட்டு, பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2018-இல் மீண்டும் முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்தப் பாதை, கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தின் மீது ஏறி, குகைகளைக் கடந்து, பச்சைக்குள்ளிருந்து தமிழ்நாட்டுக்குள் வந்து சேர்கிறது. ரயில் வருகிற வழியில்தான் காற்றும் வருகிறது. மலையேறி முற்றிலும் களைத்துப் போகாமல், கொஞ்சம் ஈரத்தை மிச்சம் வைத்துக்கொண்டு வருகிற அந்தக் காற்று உதிர்க்கும் பொடிமழைதான் சாரல். சமுத்திரத்தைக் கண்ணால் காணாத குற்றாலம், ஆகையால், ஒரு வகையில் கடற்கரை மலையூரே என்று சொல்லத் துணிகிறேன். அதன் ஓட்டுக்கூரைகளில் படர்ந்திருக்கும் பாசி மேற்குக் கடலின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து குற்றாலம் 50 கிலோமீட்டருக்கும் குறைவு. வீரசிகாமணி, சுரண்டை வழியாகப் போகிறவன் பாதித் தூரம் வரையில் வெயிலில் போகிறான். பிறகு மலை தெரிகிறது. அதன்பின் மலை தெரியவில்லை, மேகம் மாத்திரம் தெரிகிறது. தென்காசிக் கோபுர வாசலில் நின்றால், உள்ளே போகிற பக்தனைக் காற்று ஒரு முறை பின்னுக்குத் தள்ளிச் சோதித்த பிறகே அனுமதிக்கிறது. அதற்கப்பால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பில் ஈரம் படுகிறது. மழை என்று சொல்வதற்கில்லை. நனைந்தோம் என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆயினும் கால் மணி நேரத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. பெய்கிறது என்று எண்ணி ஒதுங்கினால் நின்றுவிடும்; நின்றுவிட்டது என்று கிளம்பினால் மறுபடியும் தூவும். நேந்திரங்காய் வறுவல் போடுகிறவன் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தகரத்தைச் சாய்த்துக் கட்டியிருப்பான். மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்து வைத்திருக்கும் கிழவி அவற்றை மூடுவதில்லை. நனைந்தால்தான் அவற்றுக்கு அழகு என்பது அவளுக்குத் தெரியும். துவைத்துப் போட்ட வேஷ்டி இரண்டு நாளானாலும் காய்வதில்லை என்று உள்ளூர்க்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும் துணியை நினைத்துக்கொண்டு, இந்தக் குறையையும் நான் ஒரு பாக்கியமாகவே கேட்டிருக்கிறேன்.

இந்த ரஸனையை ஒரு வித்தையாகவே பயின்றவர்கள் முன்பு இருந்தார்கள். ரஸிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலம் வரையில், 1954-இல் மறையும் வரையில், குற்றாலத்தில் இருந்துகொண்டு, ராஜாஜி, கல்கி முதலிய நண்பர்களை வரவேற்று, கம்பனையும் சாரலையும் சேர்த்தே விருந்து வைத்தார். அதற்கும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால், பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையைப் பாடிய குறவஞ்சிக்காக அவருக்கு மானியமாக அளிக்கப்பட்ட நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. ஒரு மலையின் மழையைக் கவிதையாக்கியவனுக்கு மண் கிடைத்தது. இன்று அதே மலையடிவாரத்து மண் வேறு காரணங்களுக்காகக் கைமாறுகிறது.

அருவியில் குளிக்க வருகிறவர்களை நான் குறைகூற வரவில்லை. ஒரு வேனில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு, புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டு, இரவோடிரவாக வந்து, பேரருவியின் கீழே தலையைக் கொடுத்து, குளிரில் நடுங்கிச் சிரித்துக்கொண்டு திரும்பும் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்தில் கிடைக்கும் ஆனந்தம் அது ஒன்றாகவே இருக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை. என் வருத்தம், அருவியையே ஒரு சரக்காகக் கருதிவிட்ட மனோபாவத்தின் மேல்தான். தண்ணீர் இருந்தால் சரக்கு உண்டு, இல்லாவிட்டால் கடை மூடியிருக்கிறது என்று நினைக்கிறவர்கள் பெருகிய காரணத்தால்தான், இயற்கை ஓடைகளைத் திருப்பித் தங்கள் விடுதிக்குள் செயற்கை அருவி உண்டாக்கிக்கொண்ட தனியார்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. சிற்றாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஒரு சிலருடைய முதுகு தேய்ப்பதற்காக வழிமறிக்கப்படுமானால், சீவலப்பேரியில் அது தாமிரபரணியோடு சேரும் வரையில் உள்ள குளங்களுக்கும் வயல்களுக்கும் யார் பதில் சொல்வது? மலையும் அந்த மனோபாவத்தைச் சகித்துக்கொண்டே இருப்பதில்லை. 2024 மே மாதம், சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மேலே பெய்வது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. மேகத்தைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிறிதேனும் தெரிந்திருக்கும்.

மேற்குச் சரிவின் மழை எங்களுக்கு வெறும் ரஸனைப் பொருளன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் மேலே மலையில் செண்பகவல்லி அணை என்று ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் பெய்யும் மழையில் ஒரு பங்கை இந்தப் பக்கம் திருப்பிவிடுவதற்காக ஏற்பட்டது அது. திருவிதாங்கூருக்கும் சிவகிரி ஜமீனுக்கும் 1733-இல் உண்டான உடன்படிக்கையை விவசாயிகள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். சென்ற நூற்றாண்டில் உடைந்த அந்த அணை செப்பனிடப்படாமலே கிடக்க, சங்கரன்கோவில் பக்கத்துக் குளங்கள் பல வடகிழக்குப் பருவமழையை மாத்திரம் எதிர்நோக்கி வாய் பிளந்து கிடக்கின்றன. இரண்டு அரசாங்கங்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது; தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வந்து போகிறது. அணையைக் கேட்பதும் சாரலை ரஸிப்பதும் எங்களுக்கு வெவ்வேறு காரியங்களாகத் தோன்றுவதில்லை.

ஆடித் தபசன்று கோமதியம்பாளின் சப்பரத்தின்மீது எங்கள் விவசாயிகள் பருத்தியையும் வற்றலையும் தானியத்தையும் சூறை விடுகிறார்கள். ஒரு துளி ஈரம் இல்லாத வீதியில், வானம் பார்த்த பூமியின் விளைச்சலை அம்பாளுக்கு அள்ளி வீசுகிற ஜனங்களில் பாதிப்பேர் மறுநாள் குற்றாலத்துக்குப் புறப்படுகிறார்கள். அவர்களுக்கும், அந்தப் பாதையைப் பராமரிக்கும் ஜில்லா அதிகாரிகளுக்கும் என் விண்ணப்பங்கள் சிலவே. தண்ணீர் விழுகிற நிலவரத்தோடு, மேற்கே மேகம் இறங்கியிருக்கிறதா, சாரல் தூவுகிறதா, காற்று எப்படி என்பதையும் அறிவிக்கலாம். அருவிக்கரையில் கடைகளைப் பெருக்குவதைவிட, செங்கோட்டைச் சாலையிலும் குளக்கரைகளிலும், வயதானவர்கள் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்க ஓலையோ ஓடோ வேய்ந்த திண்ணைகள் சில கட்டலாம். ஓடைகளைத் தொடக்கூடாது. போகிறவர்களும், அருவி வற்றியிருக்கிறது என்ற செய்தியைக் கேட்டுப் பிரயாணத்தை நிறுத்திவிட வேண்டாம். சாரல் இருக்கும், கூட்டம் இராது. குடை எடுத்துப் போவது மாத்திரம் வீண். செங்கோட்டைக் காற்று அதை முதல் வளைவிலேயே திருப்பிவிடும்.