மூணாவது வாரத்துல காணாமப் போனவங்க!



மனசைத் தொட்டுச் சொல்லுங்க... ஆன்லைன் கோர்ஸ்ல ஆசை ஆசையா பேரைக் கொடுத்துட்டு, மூணாவது வாரமே 'எஸ்கேப்' ஆனது எத்தனை தடவை? ஐயா நாலு தடவை! கடைசியா கைவிட்டது ஒரு சர்க்யூட்ஸ் கோர்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல்ல உட்கார்ந்து வீடியோ பார்க்கும்போது டவுட் வந்தா யாரைக் கேட்கிறது? ஸ்க்ரீன்ல இருக்கிற புரொபசர் நான் கையைத் தூக்கினா பார்ப்பாரா என்ன?

'நாமதான் மக்கு போல'ன்னு நினைச்சிருந்தேன். ஒரு கணக்கைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன்னோட 'சர்க்யூட்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்' பாடத்தை ஆன்லைன்ல உலகத்துக்கே இலவசமா திறந்து விட்டது. முன்னால நின்னு நடத்தினவர் அனந்த் அகர்வால். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடிச்சவர்! 160-க்கும் அதிகமான நாடுகள்ல இருந்து பேர் கொடுத்தவங்க சுமார் 1,55,000 பேர். சர்டிஃபிகேட் வாங்கினது? 7,157 பேர். நூறுக்கு அஞ்சு பேர்கூட இல்லை பாஸ்!

ஆனா, முழு மதிப்பெண் வாங்கின 340 பேர்ல ஒருத்தன் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயசுப் பையன். பேர் பட்டுஷிக். அடுத்த வருஷமே எம்.ஐ.டி.யில் சேர்ந்துட்டான். 'பார்த்தீங்களா, நெட் இருந்தா போதும்!'னு எல்லாரும் கைதட்டினாங்க.

பையன் ஜீனியஸ்தான். ஆனா, அவன் கையில நெட் மட்டுமா இருந்தது? தலைநகர் உலான் பத்தூர்ல அவன் படிச்ச பள்ளியோட தலைமை ஆசிரியர், எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கின முதல் மங்கோலியர். 13-லேர்ந்து 17 வயசு வரைக்கும் சுமார் 20 பசங்களை அந்தக் கோர்ஸ்ல சேர்த்துவிட்டார். எம்.ஐ.டி. நண்பர் டோனி கிம்மை லேப் சாமான்களோட வரவழைச்சார். கிம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர, பசங்க நிஜ ரெசிஸ்டரை நிஜ போர்டுல செருகிப் பார்த்தாங்க. பட்டுஷிக்கும் சும்மா இல்லை. கூடப் படிக்கிறவங்களுக்குப் புரியாத இடங்களை மங்கோலிய மொழியில் விளக்கி வீடியோ போட்டான். அப்படியும் பாதிப் பேர் நடுவுலயே நின்னுட்டாங்க. கூட ஆள் இருந்தே இந்தக் கதைன்னா, தனியா படிக்கிறவன் கதி?

இப்போ நம்ம முறை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பிச்ச ஆன்லைன் டிகிரி கோர்ஸ்ல வெளிநாட்டு மாணவர்களும் சேரலாம். பெருமைதான். ஆனா 'எத்தனை நாட்டுல மாணவர்கள் இருக்காங்க'ன்னு எண்ணுறதோட, 'மூணாவது வாரம் எத்தனை பேர் மிச்சம்'னும் எல்லாப் பல்கலைக்கழகமும் எண்ணணும். லிங்க்கை அனுப்புறது சுலபம். அந்த ஊர்ல, அந்த மொழியில, ராத்திரி ரெண்டு மணி டவுட்டுக்கு ஒரு ஆளை ஏற்பாடு பண்றதுதான் கஷ்டம். உண்மையான செலவும் அங்கேதான்.

அதுவரைக்கும் நாம என்ன செய்ய? அடுத்த கோர்ஸ்ல தனியா பேர் கொடுக்காதீங்க. பக்கத்து ரூம் நண்பனையும் இழுத்துப் போடுங்க. நான் இழுத்துட்டேன். ஆப்-ஆம்ப்பை அவன் எனக்குத் தமிழ்ல விளக்கணும், டீ செலவு என்னோடது. இப்போ ஆறாவது வாரம். ரெண்டு பேருமே இன்னும் காணாமப் போகலை!

அடுத்த வாரம் பார்ப்போமா?