ஏலச் சொத்து வாங்குவோர் கவனத்துக்கு

"பாங்கு ஏலத்தில் வீடு வருகிறது, பாதி விலை" என்று தரகர் சொன்னதும், வேப்பந்தட்டைப் பக்கம் நாலு காசு சேர்த்தவருக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால், வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது.

கடன் பாக்கிக்காக எடுத்த சொத்தை வங்கி 2002-ம் ஆண்டுச் சட்டப்படி பொது ஏலம் விட்டால், அந்த வட்டாரத் தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் வரவேண்டும். அரசு வங்கிகளின் பட்டியல் 'பாங்க்நெட்' இணையதளத்திலும் உண்டு. விளம்பரத்துடன் வங்கிக் கிளைக்கே போய் விசாரியுங்கள். வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று நேரில் பாருங்கள்.

விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது. இந்தச் சட்டப்படி காடு மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், உஷார்!

ஏலம் எடுத்தவர் மறு வேலை நாளுக்குள் 25 சதவிகிதம் கட்ட வேண்டும். மீதியைக் கட்டத் தவறினால் கட்டிய பணமும் போய்விடும். கையிருப்பை எண்ணிப் பார்த்து ஏலம் கேளுங்கள்!